சம்பந்தி ஜீப்பில் கசிந்த காற்று

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் 'நுரை'. முகத்துக்கு நேரே யாரும் கூப்பிடமாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான். லாரி, பஸ், காடுமேடு ஏறுகிற ஜீப் என்று எந்த வண்டியானாலும் சரி, அதில் காற்று எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் பிழைப்பு. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் சோப்புத்தண்ணீர், கையில் முடி உதிர்ந்த பெயின்ட் பிரஷ். ஒவ்வொரு இணைப்பாகத் தடவிவிட்டுக் குந்தி உட்கார்ந்து பார்ப்பார். எங்கே நுரை கிளம்புகிறதோ அங்கே கசிவு. அந்தச் சோப்பு என் சமையலறையிலிருந்து போவது. பாத்திரம் தேய்க்க வாங்கி வைத்தால் பாதி எனக்கு, பாதி லாரிக்கு.

எங்கள் வீடும் பட்டறையும் ஒரே கூரைக்குக் கீழே. சமையலறைக் கதவைத் திறந்தால் பட்டறை. அந்தப் பக்கம் ஸ்பேனர் விழுகிற சத்தம், இந்தப் பக்கம் நான் பாத்திரம் உருட்டுகிற சத்தம். அடுப்பில் குக்கர் கொஞ்சம் கூடுதலாகச் சீறினால் போதும், "கேஸ்கட் போயிடுச்சு, மாத்தணும்" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். சாப்பாடு வெந்ததா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

வேலையில் சுத்தம். வாய்தான் அடங்காது. "காத்தே நிக்கலை, உனக்கு பிரேக் எப்படிய்யா நிக்கும்? பிள்ளைகுட்டிக்காரன்தானே நீ?" என்று டிரைவர்களை வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். அவர்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார்கள். அடுத்த கசிவுக்கு இங்கேதான் வருவார்கள். எனக்கும் வாய் குறைச்சல் இல்லை என்பதால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பொழுது நன்றாகவே போகும்.

இப்படிப்பட்ட மனிதரை வாயடைக்க வைத்தது எங்கள் ஒரே மகளின் கல்யாணம்.

மாப்பிள்ளையின் அப்பா நில அளவை வேலை செய்கிறவர். மகனையும் கூட வைத்துக்கொண்டு ஒரு பழைய ஜீப்பில் ஆற்றுமணல், கல்லுக்காடு எல்லாம் சுற்றி அளந்துகொடுப்பார். கல்யாணமானதும் என் மகளும் அந்த வேலையில் சேர்ந்துகொண்டாள். மணலில் இறங்கும் முன் டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட வேண்டும். அப்போதுதான் டயர் பரந்து உட்காரும், புதையாது. சாயங்காலம் தார்ரோட்டுக்கு ஏறியதும் திரும்ப நிரப்ப வேண்டும். அதைச் சம்பந்தி வருஷக்கணக்காகக் கைப்பம்பில் அடித்துக்கொண்டிருந்தார்.

இது என் வீட்டுக்காரர் காதில் விழுந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளைக்கு நல்லதாக ஒரு வாட்ச் வாங்கலாம் என்றேன். "வாட்ச் எவன் வேணா வாங்கித் தருவான்" என்றார். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அந்த ஜீப்பைப் பட்டறைக்கு வரவழைத்து, அதிலேயே ஒரு கம்ப்ரெஸர் பொருத்தினார். பானெட்டுக்கு அடியில் பம்பு, பின்சீட்டுக்குக் கீழே ஒரு குட்டி டேங்க், இரண்டையும் சேர்க்கிற நைலான் குழாய். சாவியைத் திருப்பினால் பம்பு ஓடி டேங்கை நிரப்பும், நிரம்பியதும் தானாக நிற்கும். காற்றை எடுத்தால் மறுபடி தானாக ஓடும். டயரில் ஹோஸை மாட்டினால் வேலை முடிந்தது.

அந்த வாரம் முழுக்க நான் பந்தல்காரர், சமையல்காரர் என்று நாயாய் அலைந்துகொண்டிருந்தேன். இவர் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ஜீப்பைப் பார்த்தார்கள். இவர் விட்டால்தானே.

அதற்குப் பிறகு சம்பந்தியிடம் இவர் பேசுகிற அழகைக் கேட்க வேண்டுமே. "வாங்க சம்பந்தி, சௌக்கியமா சம்பந்தி, உங்க சௌகரியம் எப்படியோ அப்படியே சம்பந்தி." இவ்வளவு மரியாதையை இத்தனை வருஷம் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று எனக்கே ஆச்சரியம். வாரம் தவறாமல் போன் போடுவார், அதுவும் பட்டறையில் நாலு டிரைவர்கள் இருக்கும்போது, ஸ்பீக்கரில்.

"காத்து எப்படி இருக்கு சம்பந்தி?"

"ஜம்முனு இருக்கு சம்பந்தி."

இவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். எனக்குச் சிரிப்பாக வரும்.

என் கவலை வேறு. என் மகள் ஓட்டைவாய். பள்ளிக்கூடத்தில் யார் யாருக்கு பென்சில் கொடுத்தார்கள் என்பது வரைக்கும் ஒப்பிக்கிறவள். கல்யாணமானபின் போனில் எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கேன்மா" என்கிற ஒரே பதில். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் எத்தனை கற்பனை செய்தேன் என்று எனக்குத்தான் தெரியும். புது இடத்தில் வாயை மூடிக்கொண்டு எதையோ தாங்குகிறாளோ என்று போனை வைத்தபிறகும் யோசித்துக்கொண்டே இருப்பேன்.

அப்படி இருக்கும்போது ஒரு விடுமுறை நாள் காலையில் மகள், மாப்பிள்ளை, சம்பந்தி மூன்று பேரும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். ஓடிப்போய் மகள் கையைப் பிடித்தேன். விரல்களின் அடியில் தோல் காய்த்துப்போய்ச் சொரசொரவென்றிருந்தது. ஒரு கொப்புளம் உடைந்து ஆறிக்கொண்டிருந்தது. எனக்குப் பகீரென்றது.

"என்னடி இது?"

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். "அளக்குற கருவிக்கு ஸ்டாண்டு இருக்குல்லம்மா, அதைத் தூக்குறேன். ஒண்ணும் இல்ல."

பெற்றவளிடமே பொய். கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. நான் சமையலறைக்குள் போய்க் கையில் கிடைத்த பாத்திரத்தையெல்லாம் ணங் ணங்கென்று வைத்தேன். சம்பந்தி பாவம், தண்ணீர் கேட்டு வாசற்படியில் வந்து நின்றார். சொம்பை நீட்டிக்கொண்டே, "என் பொண்ணை ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போட விடாம வளர்த்தேன்" என்றேன். பச்சைப் பொய். பட்டறையில் டயர் உருட்டி வளர்ந்தவள் அவள். ஆனால் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியும் சம்பந்தியம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பட்டறையில் இவர் தன் கைவண்ணத்தைப் பக்கத்து பஞ்சர் கடைக்காரருக்குக் காட்டுவதற்காக ஜீப்பின் பின்கதவைத் திறந்தார். ஒரு சாக்கை விலக்கினார். உள்ளே அந்தப் பழைய கைப்பம்பு கிடந்தது. ஈரமணல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பஞ்சர் கடைக்காரர் நாசூக்கானவர், வேலை இருக்கிறதென்று நழுவிவிட்டார்.

"மாப்பிள்ளை, இது எதுக்கு?"

"அது... சும்மாதான் மாமா. ஒரு அவசரத்துக்கு."

"எப்பவாவது வர்ற அவசரத்துக்குக் கைப்பிடி இப்படித் தேயாதே."

மாப்பிள்ளை தன் அப்பாவைப் பார்த்தார். அப்பா என் மகளைப் பார்த்தார். என் மகள் கூரைத் தகரத்தைப் பார்த்தாள். வேறு எவனாவது இருந்தால் இவர் அந்த இடத்திலேயே பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டிருப்பார். சம்பந்தியாயிற்றே. சோப்புத்தண்ணீர் பாட்டிலை எடுத்தார்.

சாவியைத் திருப்பினார். பம்பு ஓடியது, டேங்க் நிரம்பியது, நின்றது. காற்றழுத்தம் காட்டுகிற மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆணி அடித்தாற்போல் அசையாமல் இருந்தது. அப்புறம் பம்பின் கழுத்து, காற்றைத் திரும்பவிடாமல் தடுக்கிற வால்வு, ஸ்விட்ச், டேங்கின் மூட்டு என்று ஓர் இணைப்பு விடாமல் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தடவினார். வண்டி குளித்து முடித்ததுதான் மிச்சம்.

சாப்பாட்டில் கையை வைத்ததும் எழுந்துவிட்டார். சமையலறைக்குள் வந்து என்னிடம் குரலைத் தாழ்த்தி, "எல்லாம் சரியாத்தான் இருக்கு. அவங்களுக்குத்தான் நான் செஞ்சது பிடிக்கலை போல. தொடவே மாட்டேங்குறாங்க" என்றார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"உங்க மிஷின் கிடக்கட்டும். பொண்ணு கையைப் பார்த்தீங்களா?" என்று நான் கண்டதைச் சொன்னேன்.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. காய்த்துப்போன கை, தேய்ந்துபோன கைப்பிடி. இவ்வளவு நல்ல மிஷின் வண்டியிலேயே இருக்கும்போது, அதைத் தொடாமல், என் பெண்ணைக் கையால் அடிக்க வைக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இப்போதே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று முந்தானையை இழுத்துச் செருகினேன்.

இவர் வழியை மறித்தார். "இரு. நீ கேட்டுட்டு இங்க இருந்துடுவ. அங்க போய் இருக்கவேண்டியவ அவ."

வாழ்க்கையில் இவர் என்னை அடக்கியது அந்த ஒரு தடவைதான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கூடத்தில் சம்பந்தி சாப்பாடு பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதுகூட எனக்குக் குத்தலாகக் கேட்டது.

மதியம் சாய்ந்ததும் கிளம்பினார்கள். மாப்பிள்ளை ஜீப்பைப் பின்னால் எடுத்தார். சம்பந்தியும் மகளும் ஏறுவதற்காக வாசலில் நின்றார்கள். பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் ஜல்லியைப் பாதித்தெரு வரைக்கும் கொட்டி வைத்திருந்தார்கள். ஜீப்பின் பின்சக்கரம் ஒன்று அந்தக் குவியல்மேல் ஏறி, வண்டி ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. நான் முன்பக்கம் நின்றிருந்தேன். பானெட்டுக்குள் பம்பு டர்ரென்று ஓட ஆரம்பித்தது.

"ஏங்க, இது ஏன் ஓடுது? காத்தை யாரும் எடுக்கலையே" என்றேன்.

"வா, வா" என்று ஜீப்புக்குப் பின்னால் நின்று கையாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். அடுத்த நொடி தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்தல். "நிறுத்து! அப்படியே நிறுத்துங்க மாப்பிள்ளை! ஒரு இஞ்ச் அசையக்கூடாது!"

சோப்புத்தண்ணீர் பாட்டில் காலி. காலையில்தான் வண்டியைக் குளிப்பாட்டிவிட்டாரே. நானே ஓடிப்போய்ப் புதுசாகக் கரைத்துக்கொண்டு வந்தேன். பின்சீட்டைத் தூக்கிவிட்டு, டேங்கோடு குழாய் சேருகிற இடத்தில் பிரஷை வைத்தார். வைத்த வேகத்தில் நுரை புசுபுசுவென்று கிளம்பியது. வண்டியைச் சமமாக இறக்கச் சொன்னார். நுரை நின்றது. மறுபடி ஏற்றச் சொன்னார். நுரை வந்தது. மாப்பிள்ளை பொறுமைசாலி, ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்.

என் வீட்டுக்காரர் அந்த ஜல்லிமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். டேங்க் வண்டியின் சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், முடுக்கியிருக்கிறது. குழாய் மேலே பாடியை ஒட்டி ஓடுகிறது. மேடுபள்ளத்தில் சேஸிஸ் ஒரு பக்கம் முறுக்கும், பாடி ஒரு பக்கம் போகும். அதனால் மூட்டுக்கு மூட்டு குழாயைக் கொஞ்சம் தொளதொளவென்று வளையமாக விட வேண்டும். பார்க்க நன்றாக இருக்காது, குடல் தொங்குகிற மாதிரி இருக்கும். எந்த லாரிக்காரன் குறை சொன்னாலும், "அழகு பார்க்கணும்னா வீட்டுச் சுவத்துல மாட்டுய்யா" என்று விரட்டிவிடுவார். இது சம்பந்தி வண்டி. குடல் தொங்கலாமா? கோடு போட்டாற்போல் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார். சமதரையில் கச்சிதம். கல்லுக்காட்டில் ஏறினால் குழாய் மூட்டைக் கோணலாக இழுத்துவிடும், காற்று போகும். போகப் போகப் பம்பு ஓயாமல் ஓடும். லாரிக்காரர்களுக்கு என்றால் அணைக்க ஒரு ஸ்விட்சாவது வைத்துக்கொடுப்பார். சம்பந்தி விரலைக்கூட அசைக்க வேண்டாம் என்று நேரே சாவியோடு இணைத்திருந்தார். கடைசியில் தார்ரோட்டுக்கு வந்து காற்று வேண்டும் என்கிறபோது பம்பு கொதித்துப்போய்த் தானாக நின்றுவிடும்.

"எல்லார் வண்டியிலயும் வளையம் விடுவேன் சம்பந்தி. உங்க வண்டியில அசிங்கமாத் தெரியக்கூடாதுன்னு இழுத்துக் கட்டிட்டேன். தப்பு என்மேலதான்."

இவர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. பாவமாக இருந்தது.

"எப்பத்திலேருந்து இப்படி?" என்று கேட்டார்.

சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். "முதல் தடவை மணல்ல இறங்கினதிலேருந்து."

"போன்ல ஜம்முனு இருக்குன்னீங்களே?"

"நீங்க ஆசை ஆசையாச் செஞ்சு கொடுத்தது. அதுல ஒரு குறைன்னு சொன்னா இந்தப் பொண்ணு மனசு என்ன பாடுபடும்? எங்கப்பா செஞ்சதைக் குறை சொல்றாங்களேன்னு நினைக்காதா? அதான் சாயங்காலம் அவளை டீக்கடையில உட்காரவெச்சுட்டு நானே அடிச்சுடுவேன். மிஷின்ல அடிச்சாச்சும்மான்னு சொல்லிடுவேன்."

என் மகள் வாயைப் பிளந்தாள். "மாமா! நீங்க அடிச்சீங்களா? அன்னைக்கெல்லாம் மிஷின் ஓடிடுச்சுன்னுல்ல நினைச்சேன்!"

"நீ ஏம்மா இப்படிப் பதறுறே?"

"நான்தானே உங்களை டீக்கடைக்கு அனுப்பிட்டு அடிச்சுக்கிட்டிருந்தேன்! அப்பா வேலையில குறை இருக்கறது உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு!"

மாப்பிள்ளை ஸ்டீரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டு பேரும் என்கிட்டத் தனித்தனியாச் சத்தியம் வாங்கிட்டாங்க மாமா. நான் என்ன பண்றது? யார் முதல்ல 'டீ குடிக்கிறீங்களா'ன்னு கேட்கறாங்களோ, அன்னைக்கு அவங்க கையில பம்பு."

சம்பந்தி தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். என் மகள் கையைவிட மோசமாக இருந்தது. வயசான கை, இரண்டு விரலின் அடியில் தோல் உரிந்திருந்தது. காலையில் அந்த மனிதரிடம் நான் சொம்போடு நீட்டிய வார்த்தை நினைவுக்கு வந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

அதற்குள் என் வீட்டுக்காரர் ஜல்லியிலிருந்து எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "என்னய்யா மனுஷன் நீங்க! பம்பு கொதிச்சு நின்னிருக்கு. எரிஞ்சிருந்தா? நடுமணல்ல மூணு பேரும் என்ன பண்ணியிருப்பீங்க? ஒரு போன், ஒரே ஒரு போன் போட்டு 'உன் வேலை லட்சணம் இதுதான்'னு நாலு திட்டு திட்ட வேண்டியதுதானே? பெரிய மனுஷன்னு பேரு, மூளை வேண்டாம்?"

சம்பந்தியையே 'யா' போட்டாயிற்று. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நியாயந்தான் சம்பந்தி. இனிமே திட்டறேன்" என்றார் அவர். சொல்லும்போதே சிரித்துவிட்டார். இவருக்கும் அதற்குமேல் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

பிறகு ஜீப் திரும்பவும் பட்டறைக்குள் வந்தது. பழைய குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுசாக வெட்டி, மூட்டுக்கு மூட்டு வளையம் விட்டு மாட்டினார். டாஷ்போர்டில் ஒரு ஸ்விட்சும் ஏறியது. சம்பந்தி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் தொங்கட்டுமே" என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். "உங்களுக்குத் தெரிஞ்சது நிலத்தை அளக்கறது, அதைப் பாருங்க" என்று இவர் பதில் கொடுத்தார். நான் டீ போட்டுக்கொண்டு வந்து முதல் டம்ளரைச் சம்பந்தியிடம் கொடுத்து, "காலையில நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன். "என்ன பேசினீங்க?" என்றார். நிஜமாகவே மறந்திருந்தாரா, மறந்த மாதிரி நடித்தாரா தெரியவில்லை. எப்படியானாலும் நல்ல மனிதர்.

பின்சக்கரத்தை ஜல்லிமேல் ஏற்றி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். நுரை வரவில்லை. பம்பும் ஓடவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டுமென்று அவசரமாக ஏறினார்கள். மகள் வழக்கம்போல் முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டு, "வரேன்மா" என்றாள். ஜீப் நகர்ந்ததும் மாமனார் பக்கம் திரும்பினாள் பாருங்கள். "உங்களுக்கு எவ்வளவு அழுத்தம் மாமா! தோலு உரிஞ்சு கிடக்கு, என்கிட்ட வந்து மிஷின் அடிச்சுதுன்னு கதை விட்டிருக்கீங்க. கையைக் காட்டுங்க. இங்க காட்டுங்கன்னா! மருந்து போட்டீங்களா? போட்டிருக்கமாட்டீங்களே!" அவர் "சரிம்மா, சரிம்மா" என்கிறார். இவள் விடுவதாக இல்லை. ஜீப் தெருமுனை திரும்பியபிறகும் குரல் கணீரென்று வந்துகொண்டிருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். மாமனாரை இந்தக் குரலில் திட்டுகிறவளைப் பற்றி நான் இனிமேல் எதற்குக் கவலைப்பட வேண்டும்?